மூன்று பிள்ளைகளுக்கு ஒரே குளியலறை: உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் 11, 8, 4 வயதுள்ள எங்கள் பிள்ளைகள் மூவரும் ஒரே சிறிய குளியலறையைப் பயன்படுத்துவதால், பள்ளி நாட்களில் பல் துலக்கும் பிரஷ்கள் மாறிப்போய், ஒருவர் துண்டை இன்னொருவர் ஈரத்தோடு எடுத்துத் துடைத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் அனுமதிப்பதில்லை. ஒட்டும் கொக்கிகளோ, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் டைல்ஸில் படியவிடும் வெள்ளைப் படலத்தால் சில வாரங்களிலேயே கழன்று விழுகின்றன. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி என்பதால், வாய் கொப்பளிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத் தனிக் குடத்தில் வைக்கிறோம். அதற்கும் இடம் வேண்டும். இளையவனுக்குப் பட்டாணி அளவு பற்பசையே போதுமானது என்பதால், அதை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டியுள்ளது.

துளையிடாமல் நிறுத்தக்கூடிய, துருப்பிடிக்காத அலமாரி எது நீடித்து உழைக்கிறது என்றும், துண்டுகளைப் பிரித்து வைக்க நீங்கள் கையாளும் முறை என்ன என்றும் அனுபவமுள்ள பெற்றோர் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.