திருவிருந்தில் எப்போதும் கடைசியில் நிற்கும் தாத்தா

குடியாத்தம் சகோதரி:
எங்கள் சபையில் ஒரு தாத்தா இருக்கிறார். இளவயதில் தொழுநோய் வந்து, வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குணமானவர். விரல்கள் மட்டும் மடங்கியே நின்றுவிட்டன. திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடித்து முடிக்கும்வரை கதவோரம் காத்திருந்து, கடைசியில்தான் முழங்கால் போடுவார். யாரும் அப்படிச் சொல்லவில்லையாம். "அது அவருடைய தாழ்மை" என்று கமிட்டியார் ஒருவர் மெச்சுகிறார். "தாத்தா ஏன் நம்மோடு வருவதில்லை?" என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

கரிகிரி பழைய ஊழியர்:
பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. மடங்கிய விரல் நரம்பு கெட்டதன் தழும்புதான். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து இத்தகைய கைகளை விரிய வைத்தார். கை விரிந்தும் ஊரார் வேலை தரவில்லை. தச்சுத்தொழில் கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையம் தொடங்க வேண்டியதாயிற்று. நம் விவாகரத்துச் சட்டத்திலும் 2019 வரை தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. மருந்து வந்து எத்தனையோ காலம் கழித்துத்தான் நீக்கினார்கள்.

ஆற்காடு உபதேசியார் (ஓய்வு):
தாழ்மை என்று மெச்சுகிறவர் ஒரு ஞாயிறு கடைசியில் நின்று காட்டட்டும், சகோதரி. லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகளை இயேசு தொடாமலே சுத்தமாக்கினார். அப்படியானால் மாற்கு 1இல் வரும் குஷ்டரோகியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கையை நீட்டித் தொட்டார். லேவியராகமம் 13இன்படி பாளயத்துக்குப் புறம்பே இருக்க வேண்டியவன் ஊருக்குள் போகிறான். தொட்டவரோ பட்டணத்துக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வனாந்தரத்தில் தங்குகிறார். தேநீர்க் கடைத் தனிக் குவளையைக் கண்டு கொதித்தவர்கள் நாம். பாத்திரம் ஒன்றே ஆனாலும் வரிசையில் அதே வேலையைச் செய்கிறோம். பையனிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: பெரியவர்கள் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

காட்பாடி வாசகர்:
வற்புறுத்தினால் அவர் கூசிப்போய் ஆராதனைக்கே வராமல் நின்றுவிட்டால்?

ஆற்காடு உபதேசியார்:
நியாயம். மைக்கில் பெயர் சொல்லி முன்னால் அழைத்துவிடாதீர்கள், அது இன்னொரு அவமானம். வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். ஆயரிடம், வரும் திருவிருந்தைப் பின்வரிசையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். யாரையும் தனியே சுட்ட வேண்டியதில்லை.

குடியாத்தம் சகோதரி:
நன்றி ஐயா. சனிக்கிழமை தாத்தா வீட்டுக்கு மகனோடு போகிறேன். ஆயர் ஒப்புக்கொள்வார். கமிட்டியார்தான் "இது வழக்கமில்லையே" என்பார்கள். வழக்கத்தை யார் ஏற்படுத்தியது என்று கேட்கப்போகிறேன்.