சூம் லென்ஸ்: மாறுகுவிய வில்லையா, மாறுதூர வில்லையா?

அண்ணை, வணக்கம்.

சூம் லென்ஸுக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் எழுதிய 'மாறுகுவிய வில்லை' காதுக்கு நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் பிலிம் கமராவுக்கு 80-200 மில்லிமீற்றர் லென்ஸ் தேடுகிறவரை அது பிழையான பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடும்.

முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலத்தடியில் நின்று நந்திக்கடலில் ஒரு கூழைக்கடாவை எடுக்கிறோம் என்று வையுங்கள். குவியத்தை (போகஸை) கையால் திருப்பிப் பிடிக்கிற கமரா. 200இல் பறவை பெரிதாகத் தெரியும், கண் மட்டும் கூர்மையாக வரும்வரை திருப்பலாம். அப்புறம் 100க்குக் குறைத்து, கரையையும் சேர்த்து அமுக்கலாம். இடையில் குவியம் அசையாமல் இருந்தால்தான் இது சரிவரும். அந்தக்கால நல்ல சூம் லென்ஸின் பெருமையே அதுதான். அதில் மாறுவது குவியத்தூரம், அதாவது 80, 200 என்று மில்லிமீற்றரில் சொல்கிற அளவு. குவியம் நின்ற இடத்திலேயே நிற்கும். குவியத்தூரத்தை மாற்றியவுடன் குவியமும் சேர்ந்து நழுவுகிற லென்ஸுகளும் உண்டு. நீங்கள் சொன்ன பெயர் அவற்றுக்குத்தான் பொருந்தும். ஆகவே அவை 'மாறுகுவிய வில்லை', மற்றவை 'மாறுதூர வில்லை' என்று பிரித்து வைப்போம். பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் அந்த இரண்டு பெயருக்குள்ளேயே வந்துவிடும்.

தம்பி சொன்ன 'இழுவை வில்லை', ஒரே வளையத்தை முன்னும் பின்னும் இழுக்கிற வகைக்குப் பொருத்தம்தான். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் இழுவை என்றால் வலையை அறுத்துக்கொண்டு போகிற படகுதான் நினைவுக்கு வரும். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுகிற டெலிபோட்டோ லென்ஸுக்குத் 'தொலைநோக்கு வில்லை' என்றால் தொலைநோக்கியோடு குழம்பும். 'தொலைப்பட வில்லை' போதும்.

தேர்வு பற்றியும் ஒரு சொல். மலிவாகக் கிடைக்கும் 75-300, நீண்ட முனையில் (300இல்) எஃப் 5.6தான் திறக்கும்; எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூபைண்டரின் நடுவில் படத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் வட்டம் இருக்கிறதே, அதில் பாதி அந்த அளவிலேயே கறுத்துவிடும். பறவைகள் அடையும் நேரத்து வெளிச்சத்தில் குவியம் பிடிப்பது பெரும்பாடு. விலை கூடினாலும் 70இலிருந்து 210 வரை எஃப் 4 மாறாமல் நிற்கிற 70-210ஐத்தான் நான் எடுப்பேன்.

அந்த நடுவட்டத்துக்கு நாம் இன்னும் பெயர் வைக்கவில்லை. 'பிளவு வட்டம்' என்று எழுதலாமா, அண்ணை?