முதல் போடாக்ஸ் ஆலோசனை: அன்றே ஊசி போடுவார்களா?

வயது 47, கோவை. புருவங்களுக்கு நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள். முகத்தைச் சுளிக்காமல் இருந்தாலும் மறைவதில்லை. "ஏம்மா கோபமா இருக்கே?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

8 மாதமாக இரவில் ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) 0.025 சதவீத க்ரீம், பகலில் சன்ஸ்கிரீன். கன்னம் தெளிந்தது, கோடு அப்படியே இருக்கிறது. தசை இழுத்து விழுந்த கோடு, க்ரீமுக்கு எங்கே அசையும்?

வரும் சனிக்கிழமை தோல் மருத்துவரிடம் முதல் ஆலோசனை. போடாக்ஸ், அதாவது தசையைத் தளர்த்தும் ஊசி, 3, 4 மாதம் நிற்கும், இந்த இடத்துக்கு வழக்கமான அளவு 20 யூனிட் என்பது வரை தெரியும். போனில் கட்டணம் கேட்டேன், "நேரில் வாங்க" என்றார்கள். அப்புறம், இதயத்துக்காகத் தினமும், ரத்தம் உறையாமலிருக்க, ஆஸ்பிரின் 75 மி.கி. மாத்திரை போடுகிறேன். நானாக நிறுத்தவில்லை, மருந்துச் சீட்டை எடுத்துப் போகிறேன்.

போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: முதல் நாளே ஊசி போட்டுவிடுவார்களா, இல்லை முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வேறொரு நாள் வரச் சொல்வார்களா?