பிவட் பேரிங் துளை தேய்ந்த அலுமினிய ஃபிரேம்: ஒட்டினால் போதுமா, ஸ்லீவ் போட வேண்டுமா?

கேள்வி
ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக், 6061 அலுமினிய ஃபிரேம். மெயின் பிவட்டில் (பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஆடும் மூட்டு) இரண்டு பக்கமும் 6902 பேரிங். உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. இடது பேரிங் துருவேறி இறுகிப்போயிருந்தது. புதிய பேரிங் அந்தத் துளையில் விரலால் தள்ளினாலே இறங்கிவிடுகிறது. வலது பக்கம் பிரஸ் போட்டால்தான் இறங்குகிறது. வெர்னியரில் இடது துளை 28.1. லாக்டைட் பசை போட்டு ஒட்டினால் நிற்குமா? இரண்டு பேரிங்கிலும் நுழையும் ஆக்சிலும் தேய்ந்திருக்கிறது.

பதில் 1
வெர்னியரை எடுத்து வையுங்கள், இந்த வேலைக்கு அது ஆகாது. போர் கேஜ் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து நிலைக்குத்தாகவும் கிடையாகவும் தனித்தனியே அளந்து பாருங்கள். இறுகிய பேரிங்கில் உள்வளையமும் வெளிவளையமும் சேர்ந்தே அசையும். வெளிவளையம் அலுமினியத்தை அரைக்கும். துளையில் கறுப்புப் பொடி இருந்திருந்தால் அதன் மிச்சம்தான். செயின் இழுவை எப்போதும் ஒரே திசையில் என்பதால் துளை ஓவலாகத்தான் தேயும்.

ஓவல் இல்லாமல், இடைவெளி 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பேரிங் ஒட்டும் லாக்டைட் 641 போதும். அதற்கு மேல் 638 இடைவெளியை நிரப்பும், ஆனால் பேரிங்கை நடுவில் நிறுத்தாது. ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டினால் ஆக்சில் வலது பக்கத்தோடு நேர்கோட்டில் நிற்காது. ஒட்டுவதானால் அசிட்டோனில் துடைத்து, ஆக்சிலை இரண்டு பேரிங்கிலும் கோத்து வைத்தே இறுகவிடுங்கள். அலுமினியத்தில் மெதுவாகத்தான் பிடிக்கும், ஒரு நாள் தொடாதீர்கள்.

கேட்டவர்
நிலைக்குத்தாக 28.02, கிடையாக 28.11. துளையைச் சுற்றிய சுவர் 4.5 மி.மீ.

பதில் 2
அப்படியானால் ஒட்டுவது வீண், ஸ்லீவ்தான்: துளையைப் பெரிதாக்கி உள்ளே ஒரு வளையம் பொருத்த வேண்டும். முதலில் டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்து வெல்டு ஓரத்தைப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் ஸ்லீவுக்குச் செலவு செய்யாதீர்கள், அந்த ஃபிரேம் முடிந்தது.

ஃபிரேமை மெல்லிய குழாயில் கிளாம்ப் செய்யக் கூடாது, நசுங்கும். பாட்டம் பிராக்கெட் ஷெல்லில் (பெடல் அச்சு உட்காரும் தடித்த குழாய்) மேண்ட்ரல், அதாவது உள்ளே பொருந்தும் தண்டு, போட்டுப் பிடியுங்கள். நல்ல வலது துளையில் டையல் இண்டிகேட்டர் வைத்து மையம் எடுத்து, அதே செட்டப்பில் இடதை 31.00க்கு போர் செய்யுங்கள் (கடைந்து பெரிதாக்குங்கள்). சுவரில் 3 மி.மீ. மிஞ்சும். அடியில் பேரிங் முட்டி நிற்கும் விளிம்பைத் தொடவே வேண்டாம். பக்கவாட்டு இடைவெளி அதை நம்பித்தான் இருக்கிறது.

ஸ்லீவ் 7075 டி6 (வெப்பத்தால் பதமேற்றிய அலுமினியம்), வெளிவிட்டம் 31.03. உள்விட்டத்தை 27.6இல் விட்டுவிடுங்கள். பலரும் முதலிலேயே 28க்குக் கடைந்துவிடுவார்கள். உள்ளே இறங்கியதும் ஸ்லீவ் சுருங்கும், பிறகு பேரிங் நெரிபட்டுச் சொரசொரவென்று சுற்றும். ஸ்லீவ் ஃப்ரீசரில், துளைக்கு ஹீட் கன்னில் 100 டிகிரி. 31 மி.மீ. துளை 80 டிகிரி ஏறினால் 0.057 விரியும், கையாலேயே இறங்கிவிடும். டார்ச் வேண்டாம், டி6 பதம் போய்விடும். ஆறிய பிறகு, செட்டப்பைக் கலைக்காமல் 27.98 முதல் 27.985 வரை ஃபினிஷ் போர்.

பதில் 1
ஆமாம், 0.09 ஓவல் என்றால் நானும் ஸ்லீவுக்கே வருகிறேன். பேரிங்கைப் பிரஸ் செய்யும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் விழட்டும். குண்டுகளைப் பிரித்துவைக்கும் கூடு இல்லாத மேக்ஸ் வகை வாங்குங்கள்: பிவட் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை, சில டிகிரிதான் ஆடும், அதற்குக் குண்டுகள் அதிகம் இருப்பதே நல்லது.

கேட்டவர்
ஆக்சிலையும் 7075இல் கடைந்து ஹார்ட் அனோடைஸ் (மேலே கடினமான ஆக்சைடு பூச்சு) செய்யலாமா?

பதில் 2
செய்யலாம், ஆனால் பூச்சுக்கு இடம் விட வேண்டும். 50 மைக்ரான் பூச்சில் ஏறக்குறையப் பாதி வெளியே வளரும், விட்டத்தில் 0.05 கூடும். 14.985 வேண்டுமென்றால் 14.935க்குக் கடையுங்கள். திரெட்டை மறைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள், இல்லையென்றால் போல்ட் ஏறாது. இந்தத் தலைவலி வேண்டாமென்றால் 17-4 பிஎச் ஸ்டெயின்லெஸ். எடை கூடும், பூச்சு தேவையில்லை.

பூட்டிய பின் ஷாக்கைக் கழற்றி ஸ்விங்ஆர்மைத் தூக்கி விடுங்கள். எங்கும் தடைபடாமல் தன் எடையிலேயே இறங்க வேண்டும். போல்ட் திரெட்டுக்கு லாக்டைட் 243 போடுங்கள். கைமறதியாக 638 போட்டால் அடுத்த முறை கழற்ற ஹீட் கன் வேண்டியிருக்கும்.