சுமைதாங்கிக் கல்லில் ‘1027’: பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது?

கல்குளத்தான்:
கல்குளம் வட்டத்தில் உள்ள எங்கள் சிற்றூரில், சந்தைக்குப் போகும் சாலை ஓரமாக ஒரு சுமைதாங்கி நிற்கிறது. ஊரில் சுமடுதாங்கி என்பார்கள். நட்ட இரு கற்களில் ஒன்றில் ‘௲௨௰௭ ௵ மாசி ௴’ (1027 வருடம், மாசி மாதம்) என்று வெட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பழைய தேர்தல் விளம்பரத்தின் மஞ்சள் பெயின்ட் மூடிவிட்டது. 1027 என்றால் இராசேந்திர சோழன் காலம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்று பலகை வைக்கப் பணமும் பிரித்துவிட்டோம். இது சரிதானா?

வேளிமலை வாசகர்:
எண்ணைச் சரியாகவே படித்திருக்கிறீர்கள், ஐயா, ஆண்டைத்தான் மாற்றிக்கொண்டீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால், இங்குள்ள பிற்காலக் கற்களில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அது கி.பி. 825 ஆவணியில் தொடங்குவது. ஆகவே ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையுள்ள தேதிக்கு 824-ஐயும், அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். உங்கள் கல்லில் மாசி என்றிருப்பதால் 1852, அதாவது உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆண்ட காலம். சோழனை விட்டுவிடுங்கள்.

பெயின்டைச் சுரண்டவோ ஆசிட் ஊற்றவோ வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பெயின்டுக்கு அடியிலுள்ள வெட்டும் நிழலாகத் தெரியும். படம் எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பினால், தேவைப்பட்டால் அவர்கள் வந்து மைப்படி (கல்லெழுத்தை மையால் தாளில் ஒற்றி எடுக்கும் படி) எடுப்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மனு கொடுத்துவிடாதீர்கள். அது இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, நான் ஒருமுறை அங்கே போய்த் திரும்பியவன்.

தோவாளை வாசகி:
பலகையில் காலத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தலைச்சுமையோடு நடந்து வந்தவர், இறக்கிவிட ஆள் தேடாமல், நின்ற நிலையிலேயே சுமையைத் தள்ளி வைக்கத்தான் குறுக்குக்கல்லை அந்த உயரத்தில் வைத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். இன்றைய பிள்ளைகள் அதைப் பந்தலின் மிச்சம் என்று நினைக்கிறார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது வழக்கம் என்றாலும், உங்கள் கல்லில் அப்படி எழுதியிராவிட்டால் ‘ஊரார் சொல்வது’ என்று தனியே குறிப்பிடுங்கள். பலகையின் கம்பியைக் கல்லில் துளையிட்டுப் பொருத்த விடாதீர்கள், நான்கடி தள்ளி நடுங்கள்.

கல்குளத்தான்:
நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தோம். மஞ்சள் பெயின்டுக்கு அடியில், எண்ணுக்கு முன்னால் ‘கொல்ல’ வரை தெளிவாகத் தெரிகிறது. பெயின்டர் ‘ஆயிரம்’ வரை எழுதி முடித்திருந்தார், அழிக்கச் சொல்லிவிட்டேன்.