மறுமொழி: ‘கெஸ்ட் ஹோஸ்ட்’ தமிழில் எப்படி?

வணக்கம்.

ஒரு பிரிட்டிஷ் நிகழ்ச்சியை வாரம் ஒருவர் வந்து நடத்திவிட்டுப் போகிறார், அந்த ‘கெஸ்ட் ஹோஸ்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று கேட்ட இழை நீண்டுவிட்டது, இருந்தாலும் என் பங்குக்கு ஒன்று. சொல்லை விட்டுவிட்டு முதலில் அவர் உட்காரும் நாற்காலியைப் பார்ப்போம். ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ என்ற நையாண்டிச் செய்தி வினாடி வினா 1990 செப்டம்பரில் பிபிசியில் தொடங்கியது. ஒரு பக்கத்து அணிக்குத் தலைவர் ‘பிரைவேட் ஐ’ என்ற நையாண்டி இதழின் ஆசிரியர் இயன் ஹிஸ்லப், மறுபக்கத்து அணிக்கு நகைச்சுவை நடிகர் பால் மெர்ட்டன், நடுவில் தொகுப்பாளர் ஆங்கஸ் டீட்டன். டீட்டனின் சொந்த வாழ்க்கை 2002இல் பரபரப்புப் பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. அடுத்தவர் மானத்தை வாராவாரம் வாங்கிய நிகழ்ச்சி, தன் தொகுப்பாளரை மட்டும் விட்டுவைக்குமா? இரண்டு அணித்தலைவர்களும் அவரை அங்கேயே வறுத்தெடுத்தார்கள். அந்த அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். அடுத்த நிகழ்ச்சியை மெர்ட்டனே நடத்தினார். பிறகு வாரம் ஒருவர் என்று ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சும்மா ஒப்பேற்றச் செய்த ஏற்பாடுதான், இருபது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, அந்த நாற்காலிக்கு இப்போது சொந்தக்காரர் கிடையாது. இழையில் வந்த சொற்களில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

> ‘பொறுப்புத் தொகுப்பாளர்’ எனலாம், பொறுப்பு ஆளுநர் போல.

பொறுப்பு ஆளுநர் என்றால் ஆளுநர் பதவியில் ஒருவர் வரவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இங்கே யாரும் வரப்போவதில்லை. ‘தற்காலிகத் தொகுப்பாளர்’ என்பதற்கும் இதே குறைதான்.

இலங்கை நண்பர் சொன்ன ‘பதில் தொகுப்பாளர்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் இடத்தில் தற்காலிகமாக இருப்பவரைப் பதில் அமைச்சர், பதில் நீதவான் (நீதிபதி) என்பார்கள், அங்கே நாள்தோறும் புழங்கும் சொல். ஆனால் இது வினாடி வினா, ஐயா! அங்கே போய் ‘பதில் தொகுப்பாளர்’ என்றால் விடைத்தாளைத் திரட்டி அடுக்குகிறவர் என்றுதான் தமிழ்நாட்டில் படிப்பார்கள்.

> ‘விருந்தினர் தொகுப்பாளர்’ எல்லோருக்கும் புரியுமே?

புரியுமா? ‘கவிதைத் தொகுப்பாளர்’ கவிதைகளைத் தொகுப்பவர் என்றால் இவர் விருந்தினர்களைத் தொகுப்பவர். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஆள் கூட்டுகிறவர் மாதிரி. ‘விருந்துத் தொகுப்பாளர்’ என்றால் கேட்கவே வேண்டாம், சமையல் கான்ட்ராக்டர்.

ஆனாலும் ‘விருந்து’ என்ற சொல்லை விட மனம் வரவில்லை. தொல்காப்பியத்தில் அந்தச் சொல்லுக்குப் புதுமை என்பதுதான் பொருள், சாப்பாடு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வாரம் ஒரு புதுமுகம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன கிடைக்கும்? அதோடு, அந்த நிகழ்ச்சியில் உண்மையான வீட்டுக்காரர்கள் அணித்தலைவர்கள் இருவரும்தான். நடுவில் இருப்பவர்தான் விருந்தாளி. எழுதிக் கொடுத்ததைத் திரையைப் பார்த்து வாசிப்பார், கேள்வி கேட்பார், மதிப்பெண் போடுவார், இரண்டு பக்கமும் அடி வாங்குவார். 2003இல் மூத்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் புரூஸ் ஃபோர்சைத் வந்தபோது இராக்கில் தேடப்பட்டவர்களின் படம் போட்ட சீட்டுகளை வைத்துத் தன் பழைய சீட்டாட்ட நிகழ்ச்சியை அங்கேயே நடத்திவிட்டார். ஹிஸ்லப்பின் முகத்தைப் பார்க்கவேண்டும்! வந்த விருந்தாளி அடுக்களைக்குள் புகுந்து சமைக்க ஆரம்பித்தால் வீட்டுக்காரர் முகம் அப்படித்தான் இருக்கும். இந்தத் தலைகீழ் உறவு காரணமாகவே ‘நெறியாளர்’ என்ற சொல்லும் வேண்டாம் என்கிறேன். நம் செய்தித் தொலைக்காட்சி விவாதங்களில் நெறியாளர் மற்றவர்களை அடக்குகிறவர். இங்கே இவரைத்தான் அடக்குகிறார்கள். (‘நடத்துநர்’ பற்றிப் பேச வேண்டாம். சில்லறை கேட்பார்.)

இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் ‘கெஸ்ட் ஹோஸ்ட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் ஓடுகின்றன. அமெரிக்காவின் ‘டுநைட் ஷோ’ என்ற இரவு நேர அரட்டை நிகழ்ச்சி 1992 வரை ஜானி கார்சனுடையது. அவர் விடுமுறை போனால் வேறொருவர் உட்கார்ந்தார். 1983இல் நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸுக்கு ‘பெர்மனன்ட் கெஸ்ட் ஹோஸ்ட்’ என்றே பட்டம் கொடுத்தார்கள். நிரந்தர விருந்தாளி! நம் வீடுகளில் அப்படிப்பட்டவருக்கு வேறு பெயர் உண்டு. 2021இல் கமல்ஹாசனுக்குக் கொரோனா வந்தபோது தமிழ் பிக் பாஸில் ரம்யா கிருஷ்ணன் வந்ததும் இந்த வகைதான். சொந்தக்காரர் திரும்பியதும் எழுந்துவிட வேண்டும். இவர்களுக்குப் ‘பதிலித் தொகுப்பாளர்’ சரியாக இருக்கும். அந்த பிரிட்டிஷ் நிகழ்ச்சியிலேயே பதிலிக்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. 1993இல் அரசியல்வாதி ராய் ஹாட்டர்ஸ்லி மூன்றாவது தடவையாகக் கடைசி நேரத்தில் வராமல் போக, அவர் இடத்தில் ஒரு டப்பா பன்றிக்கொழுப்பை வைத்து நிகழ்ச்சியை நடத்தினார்கள். அது பதிலி விருந்தினர்.

சொந்தக்காரர் இல்லாத நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்கு என் பரிந்துரை ‘வருகைத் தொகுப்பாளர்’. வருகைப் பேராசிரியர் தமிழ்நாட்டில் பழகிய சொல், இலங்கையில் வருகைதரு விரிவுரையாளர். இரு கரையிலும் காது ஏற்கெனவே தயாராக இருக்கிறது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு யாராவது சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள்.

ஓர் இடத்தில் எனக்கே உதைக்கிறது. நடிகர் அலெக்ஸாண்டர் ஆம்ஸ்ட்ராங் அந்த பிரிட்டிஷ் நிகழ்ச்சியை நடத்த முப்பது தடவைக்கும் மேல் வந்துவிட்டார். அவரும் வருகையாளர்தானா? இதற்காகத்தான் ‘முறைத் தொகுப்பாளர்’ என்று யோசித்தேன். முறைத்தண்ணீர் பாய்ச்சுவது போல ஆளுக்கு ஒரு முறை. ஆனால் முறைமாமன் நினைவுக்கு வந்துவிடுகிறான். தவிர, தண்ணீர் முறையில் அடுத்தது யார் என்று முன்கூட்டியே தெரியும், இங்கே கூப்பிட்டால்தான் உண்டு. எனவே விட்டுவிட்டேன்.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்:

‘போரிஸ் ஜான்சன் 1998இல் அந்நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்தார், 2003இல் வருகைத் தொகுப்பாளரானார், 2019இல் பிரதமரானார்.’

தடுக்கவில்லை. அதே நிகழ்ச்சிக்கு அமெரிக்காவில் சிஎன்என் 2024இல் தொடங்கிய பதிப்பில் நகைச்சுவைக் கலைஞர் ராய் உட் ஜூனியர் நிலையாக இருக்கிறார், அவருக்கு வெறும் ‘தொகுப்பாளர்’ போதும்.

மறுப்பு இருந்தால் சொல்லை மட்டும் அனுப்பாமல் இதுபோல ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். அப்புறம், இப்படி நாலைந்து பேரை உட்காரவைத்துப் பேசவிடும் ‘பேனல் ஷோ’வுக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. ‘குழு நிகழ்ச்சி’ என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், மகளிர் சுயஉதவிக் கூட்டம் என்று நினைத்து யாராவது பாஸ்புக்கோடு வந்துவிடுவார்கள்.