ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? கறிவேப்பிலை ஓரமெல்லாம் கருகுகிறது

மாடிக்கறிவேப்பிலை:
வணக்கம். சென்னை மேடவாக்கம் பக்கம் தனி வீடு. கீழே நாங்கள் நான்கு பேர், மேலே மாமனார் மாமியார். மாடியில் 35 குரோ பேக்கில் கத்திரி, வெண்டை, கீரை, ஒரு கறிவேப்பிலை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் மோட்டார் போட்டால் காற்றுதான் வரும், அப்புறம் பத்து நாளைக்கு ஒரு லாரி. அந்தக் காசைக் கொடுத்து வாங்கிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றும்போது வீட்டில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

சரி, வீணாகும் தண்ணீரையே பிடித்து ஊற்றலாம் என்று பிப்ரவரியிலிருந்து ஆர்.ஓ. குடிநீர் மெஷினின் கழிவுக் குழாயை ஒரு டிரம்மில் விட்டேன். தினமும் 60 லிட்டர் கிடைக்கிறது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கறிவேப்பிலை இலை நுனியிலிருந்து பழுப்பாகக் கருகுகிறது, பையின் விளிம்பில் வெள்ளையாக மாவு படிந்த மாதிரி இருக்கிறது. போர்த் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,100. இதை நிறுத்திவிடவா? வாஷிங் மெஷின் தண்ணீரை ஊற்றலாமா? தோட்டத்தையும் விடாமல் லாரியையும் குறைக்க வழி சொல்லுங்கள்.

தென்னங்கீற்று:
அக்கா, அந்த வெள்ளை மாவு உப்புதான். ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை, குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்துக் கழிவுத் தண்ணீரில் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். நாலில் ஒரு பங்கு குடிக்க எடுத்தால் மிச்சம் மூன்று பங்கில் மொத்த உப்பும் இறங்கும். உள்ளே போவது 1,100 என்றால் வெளியே வருவது 1,400 பக்கம் இருக்கும், டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். தரையில் இருக்கிற மரமென்றால் மழை வந்து உப்பைக் கீழே கொண்டுபோகும். குரோ பேக்கில் அது எங்கே போகும்? தண்ணீர் ஆவியாகிறது, உப்பு பையிலேயே தங்குகிறது, நீங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

செடிக்கு நிறுத்துங்கள், டிரம்மை நிறுத்தாதீர்கள். அந்த 60 லிட்டரைக் கழிவறைக்கு ஊற்றுங்கள், மாப் போடுங்கள், பாத்திரத்தை முதல் முறை அலசுங்கள். காரைத் துடைக்க மட்டும் வேண்டாம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும்.

கறிவேப்பிலைப் பையை ஒரு தடவை கழுவிவிட வேண்டும். ஏ.சி. ஓடும் அறையின் வெளிக்குழாயில் பக்கெட் வைத்திருக்கிறீர்களா? அது காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர், உப்பே இருக்காது. எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு பக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். அதை நான்கைந்து நாள் சேர்த்து, பையின் அடியில் ஒழுகி வெளியே ஓடும்வரை மெதுவாக ஊற்றுங்கள். கோடை மழை ஒன்று பெய்தால் இன்னும் நல்லது. புதுத் துளிர் சுத்தமாக வருகிறதா பாருங்கள், கருகிய இலை திரும்பப் பச்சையாகாது.

ஓய்வுபெற்ற_குழாய்:
அம்மா, செடி தண்ணீரை அப்புறம் பார்க்கலாம். ஆறு பேருக்குப் பத்து நாளைக்கு ஒரு லாரி என்றால் முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். 2019இல் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரி நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அந்த ஜூலையில் நாங்கள் வீட்டில் பக்கெட் கணக்கு எழுதி வைத்தோம். எழுதியதைக் கூட்டினால் டேங்க்கில் குறைந்ததோடு ஒத்துவரவே இல்லை. எங்கே போகிறது என்று மூன்று நாள் தேடினேன். கடைசியில் ஃப்ளஷ் டேங்க். சத்தமே வராது, கோப்பையின் பின்சுவரில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலமாக இறங்கிக்கொண்டே இருக்கும், விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

சோதிக்க எளிய வழி: மூடியைத் திறந்து தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள், அரை மணி நேரம் யாரும் போகக்கூடாது. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது. உப்புத் தண்ணீர் ஊரில் அந்த ரப்பர் சீக்கிரம் கெட்டிப்பட்டுவிடும்.

அப்படியே மழைநீர் குழியையும் திறந்து பாருங்கள். 2003இல் எல்லா வீட்டிலும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது கட்டியதைப் பாதிப் பேர் அதற்குப் பிறகு திறந்ததே இல்லை, ஜல்லி மேலே ஒரு சாண் வண்டல் நிற்கும். 800 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 740 லிட்டர். அது தெருவுக்கு ஓடுகிறது, நாம் லாரிக்குப் போன் போடுகிறோம்.

கீரைக்கட்டு:
வாஷிங் மெஷின் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு வருடமாக வாழைக்கு விடுகிறேன், தார் போட்டது.

தென்னங்கீற்று:
தரையில் நிற்கிற வாழைக்கு விட்டீர்கள், சரி. அக்காவிடம் இருப்பது பை. சோப்புத் தூளில் சோடா இருக்கிறது, அது பையில் சேர்ந்தால் மண் இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும், மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்தில் வழியும். அதோடு பச்சையாகத் தின்கிற கீரைக்கு அழுக்குத் துணித் தண்ணீரை நான் ஊற்றமாட்டேன். வேண்டுமானால் கடைசி அலசல் தண்ணீரை மட்டும் பிடித்துத் தரையில் இருக்கும் வாழைக்கோ கல்வாழைக்கோ விடலாம்.

கீரைக்கட்டு:
கடைசி அலசல் மட்டும் பிடிக்க யார் மெஷின் பக்கத்திலேயே நிற்பது! ஆனால் பைக்கு வேண்டாம் என்பது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். மேடம், நீங்கள் ஊற்றுவதைக் குறைக்கவும் பாருங்கள். பையைச் சுடுகிற தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், மண் தெரியாதபடி காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ நாலு விரல் தடிமனுக்கு மூடாக்குப் போடுங்கள். விரலை உள்ளே விட்டு முதல் கணுவரை ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். மேல்மண் வெளுத்தாலே நாம் பதறி ஊற்றிவிடுகிறோம்.

பெரிய பையில் சுரை, பீர்க்கு இருந்தால் சின்ன மண் கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி போட்டுவிடுங்கள். வேர் அதைச் சுற்றிக்கொள்ளும், எனக்கு இரண்டு மூன்று நாள் தாங்குகிறது. உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம், கலயத்தின் துளையெல்லாம் அடைத்துக் கசிவே நின்றுவிடும்.

மாடிக்கறிவேப்பிலை:
எல்லோருக்கும் நன்றி. மீட்டரில் கழிவுத் தண்ணீர் 1,430. ஐயா சொன்னபடி பென்சில் கோடு போட்டேன். கீழ்க் கழிவறையில் அரை மணி நேரத்தில் இரண்டு விரல் இறங்கிவிட்டது, கோடு வரை திரும்ப நிரப்ப ஒரு லிட்டர் மக்கில் சரியாக இரண்டு ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 100 லிட்டர். என் 35 பைக்கும் சேர்த்து நான் ஊற்றுவதே 50தான், இத்தனை நாள் திட்டு வாங்கியது நான். வாஷர் மாற்றியாயிற்று, ஏ.சி. குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்தாயிற்று.

மேல் வீட்டு டேங்க் ஒழுகவே ஒழுகாது என்று மாமனார் அடித்துச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் மார்க்கெட் போனதும் பென்சிலோடு மேலே ஏறப்போகிறேன்.